பேரீச்சம்பழச் சேறு

அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு முதலில் கால்தான் வலிக்கிறது. மாமல்லபுரத்தில், கடற்கரைக்கு இறங்கும் தெரு ஒன்றில், ஒரு சின்ன லாட்ஜின் சமையலறையில் நானும் அம்மாவும் நின்றோம். வேலை பார்த்தோம் என்று எழுதத்தான் நினைத்தேன், நின்றோம் என்று வந்துவிட்டது. இருக்கட்டும், பொய் ஒன்றும் இல்லை. காலையில் ஆம்லெட்டும் வாழைப்பழ பான்கேக்கும், மதியம் நூடுல்ஸ், சாயங்காலம் மீன் வறுவல், நடுநடுவே டீ. மழை விட்டதும் வெளிநாட்டுக்காரர்கள் வர ஆரம்பிப்பார்கள், பங்குனி வெயில் ஏறியதும் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். அந்த நான்கைந்து மாதமும் எங்கள் முட்டிக்கு மடங்கத் தெரியும் என்பதே மறந்துபோகும்.

ஒரு நாற்காலி கேட்டுப் பார்த்தேன். மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை, ஆனால் நாற்காலி என்றால் மட்டும் அவருக்கு ஆகாது.

"கிச்சன்ல சேர் போட்டா குந்திக்கினே இருப்பீங்க. கெஸ்ட் எட்டிப் பார்த்தா இன்னா நினைப்பாங்க?" என்றார்.

என்ன நினைப்பார்கள், இந்தப் பொம்பளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைப்பார்கள். இப்போது நான் சிறுசேரியில் ஒரு ஆபீஸ் கேன்டீனில் சமையலை மேற்பார்வை பார்க்கிறேன். எனக்கென்று சுழலும் நாற்காலி ஒன்று இருக்கிறது. உட்காரத்தான் நேரம் வாய்ப்பதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்த சீசனில்தான் அம்மாவின் இடது காலில் புண் வந்தது. கணுக்காலுக்கு மேலே நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகப் புடைத்திருந்தது ரொம்ப நாளாகவே. அரித்தது, சொறிந்தாள், தோல் கிழிந்தது, அப்புறம் மூடவே இல்லை. மஞ்சள் வைத்தாள், வேப்பிலை வைத்தாள், மெடிக்கலில் வாங்கிய களிம்பு வைத்தாள். கடைசியில் நான் அவளைத் திட்டிக்கொண்டே திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏற்றிச் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் என் வயதுப் பெண். பொறுமையாகக் கட்டுப் போட்டுவிட்டுச் சொன்னார். "மருந்தெல்லாம் அப்புறம்மா. நின்னுக்கிட்டே இருந்தா இது ஆறாது. உட்காருங்க. உட்கார்ந்து காலைத் தலையணை மேல தூக்கி வைங்க. செய்யலைன்னா இந்தக் கால் உங்களுக்கு மிஞ்சாது."

அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். திரும்பி வரும் பஸ்ஸில் சண்டை போட்டு அவளுக்கு ஒரு சீட் பிடித்துக் கொடுத்தேன். இரண்டாவது நிறுத்தத்தில் கைக்குழந்தையோடு ஒருத்தி ஏறினாள். அம்மா எழுந்து அவளுக்கு இடம் கொடுத்துவிட்டு, மாமல்லபுரம் வரை கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

அவள் உட்காராததற்குக் காரணம் எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். கருங்குழிப் பக்கம் ஒரு ஏரிக்கரையோரச் சூளையில் அம்மாவும் அப்பாவும் செங்கல் அறுத்தார்கள். தை பிறந்ததும் போனால் மழை வரும் வரைக்கும் அங்கேதான் குடிசை. அப்பா மண்ணை வெட்டித் தண்ணீர் விடுவார், அம்மா இறங்கி மிதிப்பாள். மிதித்த மண்ணை அச்சில் அடித்துப் பச்சைக்கல்லாக வரிசை வரிசையாகக் காயப்போடுவார்கள். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. முதலாளியின் ஜீப் புழுதி தெரிந்தால் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாலும் சரிதான். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் பிள்ளையோடு எழுந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். எதற்கு என்று தெரியாமலே நானும் எழுந்து நிற்பேன். எனக்கு அப்போது ஆறேழு வயது இருக்கும்.

அப்பா செத்த பிறகு நாங்கள் கடற்கரைப் பக்கம் வந்துவிட்டோம். இங்கே யாரிடமும் அம்மா சூளையைப் பற்றிப் பேசியதில்லை. கேட்டவர்களிடம் பயிர் வேலை என்றாள். என் கல்யாணத்தின்போது மாப்பிள்ளை வீட்டாரிடமும் அதைத்தான் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எகிப்தில் செங்கல் அறுத்த ஜனங்களின் கதை வந்தால் மட்டும், தலைமுக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்ப்பாள்.

புண் கட்டோடு அவள் நின்றுகொண்டிருந்த அந்தப் பங்குனியில்தான் கொச்சிக்காரம்மா வந்தார். ரெஜிஸ்டரில் அவர் இஸ்ரேல்காரர். ஆனால் நிறம் நம் நிறம், மூக்கு நம் மூக்கு, மீன் குழம்பைக் கையால் பிசைந்து சாப்பிடுவார். கொச்சியில் யூதர் தெருவில் பிறந்தவர், பத்துப் பதினோரு வயதில் குடும்பத்தோடு கப்பலேறிப் போனவர். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றிருந்தார். கொச்சிக்குப் போகாமல் ஏன் இங்கே வந்தீர்கள் என்று கேட்டேன். அங்கே தெரு இருக்கிறது, ஆள் இல்லை, அழுகை வரும் என்றார். அவருடைய மலையாளத்தில் பாதி எனக்குப் புரியும், மீதியைக் கையால் சொல்வார். என்னை "மோளே" என்றும் அம்மாவைச் "சேச்சி" என்றும் கூப்பிட்டார். தன்னை யாரோ அக்கா என்று கூப்பிடுவதில் அம்மாவுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான், காட்டிக்கொள்ள மாட்டாள்.

ஒரு நாள் அவர் மேனேஜரிடம் பேசி அனுமதி வாங்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தார். பௌர்ணமியன்று அவர்களுக்குப் பெசஹா பண்டிகையாம். நாங்கள் பஸ்கா என்று சொல்வதுதான் அது. ஊரில் தங்கியிருந்த அவர் நாட்டுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பட்டாளத்தில் இருந்து வெளியே வந்த கையோடு முடி வளர்த்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள். அவர்களுக்கெல்லாம் மொட்டை மாடியில் விருந்து வைக்கப்போகிறார். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார், நாங்கள் ஒன்று மட்டும் செய்து தர வேண்டும். பழமும் பருப்பும் அரைத்த ஒரு விழுது. பெயர் ஹரோசெத். அம்மா இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, பழத்தொகையல் என்று தன் பெயரை வைத்துவிட்டாள்.

அதற்கு அவர் போட்ட நிபந்தனைகளைக் கேட்டு எனக்கு அப்போதே அலுப்புத் தட்டியது. அந்த ஒரு வாரம் கோதுமை சம்பந்தப்பட்ட எதுவும் ஆகாது. மாவு பட்ட பாத்திரம் ஆகாது. மிக்ஸி ஆகவே ஆகாது. அதனால் புதுப் பானை, புதுக் கரண்டி, புதுக் கத்தி. அரைக்க என்ன செய்வது? கல்பட்டறைக்கு ஊரில் பஞ்சமா? பக்கத்துத் தெருப் பட்டறையில் அம்மா ஒரு சின்னக் கல்லுரலும் குழவியும் கேட்டு வாங்கி வந்தாள். புதுக்கல் என்றால் பொடி உதிரும். கல்லுப்பும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, கையால் தடவிப் பார்த்து, மறுபடி தேய்த்தாள். இதையும் நின்றுகொண்டே செய்தாள்.

"கொஞ்சம் குந்தும்மா. டாக்டர் இன்னா சொன்னாங்க?"

"எனக்கு இன்னா கீது? நல்லாத்தான் கீறேன். நீ உன் வேலையப் பாரு."

கட்டுக்கு மேலே கால் நீர்கோத்து வீங்கி நின்றது எனக்குத் தெரிந்தது. அந்த நாட்களில் சண்டை போடுவதற்குக்கூடக் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது.

பண்டிகை நாள் காலையில் டிபன் வேலையை முடித்துவிட்டு ஆரம்பித்தோம். அவர் சொன்ன முறை இரண்டு வீட்டு முறை. பேரீச்சம்பழம் கொச்சியில் அவர் அம்மா செய்தது, ஆப்பிள் போலந்துக்கார மாமியார் வீட்டில் சேர்ந்துகொண்டது. பேரீச்சம்பழத்தை ஊறப்போட்டு வேகவைத்துத் துணியில் பிழிந்து, அந்தச் சாற்றைத் தேன் பதத்துக்குக் காய்ச்ச வேண்டும். அக்ரூட்டும் பாதாமும் அவரே பெட்டியில் கொண்டுவந்திருந்தார், முந்திரி நாங்கள் வாங்கினோம். அதை இடித்து, பட்டைப்பொடி தூவி, ஆப்பிளைத் துருவிப் போட்டு, கொஞ்சம் திராட்சை ஒயின் ஊற்றி எல்லாவற்றையும் ஒன்றாக்க வேண்டும். அடுப்பு ஒரு பக்கம், பங்குனி வெயில் ஒரு பக்கம். ஜன்னல் வழியாகக் கல் கொத்தும் சத்தமும் தூசியும் வந்துகொண்டே இருந்தன.

அம்மா மேடைமேல் உரலை வைத்து நின்றபடி இடித்தாள். வலது காலில் எடையைப் போட்டு, இடது காலைக் கொக்கு மாதிரி லேசாகத் தூக்கிக்கொண்டாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் கீரை வாங்கும் சாக்கில் வெளியே போனேன். விருந்துக்குக் கசப்பான இலை வேண்டும் என்று கேட்டிருந்தார். டூரிஸ்ட் சாலட்டுக்கு மெட்ராஸிலிருந்து வரும் பச்சை இலை இருக்கிறதே, அதன் தண்டு கசக்கும். அது போதும் என்று சொல்லியிருந்தார். பஸ் நிலையம் வரை போய் அதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

நான் திரும்பியபோது கொச்சிக்காரம்மா பானைக்கு முன்னால் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். முகம் மாறியிருந்தது.

"சேச்சி, இதில எந்தா சேர்த்தது?"

"பொட்டுக்கடலதான்" என்றாள் அம்மா, பெருமையாக. "ஒயின ஊத்துனதும் தண்ணியா ஓடிச்சி. ஒரு கை நுணுக்கிப் போட்டேன். இப்ப பாரு, கெட்டியா நிக்கிது."

இதைச் சமையல் தெரிந்த எந்தப் பொம்பளையும் செய்வாள். சட்னி நீர்த்துப்போனால் பொட்டுக்கடலை. அதற்கு யோசிக்கவே தேவையில்லை, கை தானாக டப்பாவுக்குப் போகும். கோதுமை ஆகாது என்றுதானே சொன்னார், கடலை கோதுமையா? அதைத்தான் அம்மாவும் கேட்டாள்.

கொச்சிக்காரம்மா கோபப்படவில்லை. மெதுவாகச் சொன்னார். கொச்சியில் அவர் அம்மா பெசஹாவுக்கான அரிசியை மாதக்கணக்கில் மணி மணியாகப் பொறுக்குவாராம், ஒரு கோதுமைமணி தப்பி வந்திருக்கக்கூடாது என்று. கடையில் பொட்டுக்கடலை அள்ளுகிற அதே கரண்டியில்தானே மைதாவும் ரவையும் அள்ளுகிறார்கள்? எங்கள் டப்பாவில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இந்தப் பானை இன்றைக்கு ஆகாது.

அம்மா விழுதை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தாள். "நல்லாத்தானே கீது" என்றாள். குரல் இறங்கிப்போயிருந்தது. காலையிலிருந்து இடித்தது, பிழிந்தது, கிண்டியது எல்லாம் அந்தப் பானையில் கிடந்தது. எனக்கு அங்கேயே தரையில் விழுந்து தூங்கிவிடலாம் போல் இருந்தது. பானையோடு பக்கத்துக் கல்பட்டறைக்குக் கொடுத்தனுப்பினோம். அங்கே மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தவர்கள் தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொண்டு, நாளைக்கும் உண்டா என்று கேட்டுவிட்டார்கள்.

மறுபடியும் முதலிலிருந்து. உரலுக்குக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி அலசினோம். வேறு புதுப் பானை வந்தது. ஆப்பிள் தீர்ந்துவிட்டது, அக்ரூட்டும் இல்லை. பேரீச்சம்பழமும் கொஞ்சம் முந்திரியும் பாதாமும்தான் மிச்சம்.

"மதி" என்றார் கொச்சிக்காரம்மா. "போதும். என் அம்மா இத்ரதான் போட்டது."

அப்போதுதான் அவர் அம்மாவின் காலைச் சரியாகப் பார்த்தார். நர்ஸ் கண் அல்லவா. கட்டுக்கு மேலும் கீழும் விரலால் அழுத்திப் பார்த்தார், குழி விழுந்து அப்படியே நின்றது. என்னிடம் கேட்டார், நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் விடுவிடுவென்று சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து சமையலறை நடுவில் போட்டார். மேனேஜர் வருகிறாரா என்று நான் வாசலை எட்டிப் பார்த்தேன்.

"சேச்சி இருக்கு. நான் இடிக்கும்." இருக்கு என்றால் அவர் பாஷையில் உட்கார் என்று அர்த்தம்.

"ஐயே, வேணாம்மா. எனக்குக் குந்திக்கினு செஞ்சா வேல ஓடாது."

சரி என்று அவர் நாற்காலியை விட்டுவிட்டு, உரலைத் தரையில் இறக்கி, தானே தரையில் காலை நீட்டி உட்கார்ந்து இடிக்க ஆரம்பித்தார். ரூம் வாடகை கொடுக்கிற கெஸ்ட் எங்கள் அழுக்குத் தரையில் உட்கார்ந்திருக்கிறார்! அம்மா பதறிப்போனாள். எழுந்திருங்க, எழுந்திருங்க என்று கையைப் பிடித்து இழுத்தாள். அவர் எழுந்திருக்கவில்லை. அம்மாவும் உட்காரவில்லை. கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்பு முன்னால் போய் நின்றுகொண்டாள். இரண்டு பிடிவாதக்காரிகளுக்கு நடுவில் நான் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு முந்திரி உடைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதில் நானாவது உட்காரலாமா என்றுதான் யோசித்தேன்.

சாறு கெட்டியாகிக் கறுத்துப் பளபளத்தது. இடித்த பருப்பைக் கொட்டி அம்மா கிளற ஆரம்பித்ததும் நான் கேட்டேன், இவ்வளவு கெடுபிடியோடு செய்கிற இது எதற்கு என்று. கொச்சிக்காரம்மா சட்டென்று எழுந்து, பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, அந்தத் தரையில் இடமும் வலமுமாக மிதித்துக் காட்டினார்.

"மண்ணு. எகிப்துல எங்கட ஆளுகள் அடிமை. மண்ணு மிதிச்சு, செங்கல் உண்டாக்கி. இது அந்த மண்ணு."

அம்மாவின் கை நின்றது. அடிப்பிடிக்கும் என்று நான் பாய்ந்து கரண்டியை வாங்கினேன். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எகிப்துலேர்ந்து வந்தாங்களே... அந்த ஜனமா நீங்க?"

"அதே."

எத்தனை ஞாயிற்றுக்கிழமை கேட்ட கதை. அந்த ஜனம் உயிரோடு, மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டு, எங்கள் சமையலறைக்கு வரும் என்று அம்மா நினைத்ததே இல்லை. அடுத்து அவள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. தயக்கமெல்லாம் போய், கோபமாகத்தான் கேட்டாள்.

"அதான் தப்பிச்சி வந்துட்டீங்களே. அப்பால அந்தக் கண்றாவிய எதுக்கு வருஷா வருஷம் நெனச்சிக்கினு? அதுவும் புள்ளைங்களுக்குத் தின்னக் குடுத்து?"

கொச்சிக்காரம்மா யோசித்தார். "அறியில்ல சேச்சி. அம்மா செய்தது, நானும் செய்யுது" என்றார். அம்மாவுக்கு அந்தப் பதில் போதவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. எனக்கும் போதவில்லை. பானையை இறக்கி ஆறவைத்தோம்.

சாயங்காலம் மொட்டை மாடியில் பாய் விரித்து, அறைகளிலிருந்து தலையணைகளை வாரிக்கொண்டு போய்ப் போட்டார்கள். எல்லாம் வெள்ளை உறை. மேனேஜர் வேலையாகச் செங்கல்பட்டு போயிருந்தார், இல்லையென்றால் ஒன்றுகூட மாடி ஏறியிருக்காது. கடல் பக்கம் நிலா ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளைகள் சட்டை மாற்றி, தலை வாரி, அடையாளமே தெரியாமல் வந்து உட்கார்ந்தார்கள். முறைப்படி படித்தார்கள், பாடினார்கள், ஒயின் குடித்தார்கள். குடிக்கும்போது எல்லாரும் இடது பக்கம் தலையணையில் சாய்ந்துகொண்டார்கள். அன்றைக்கு அப்படித்தான் சாய வேண்டுமாம். அடிமைக்கு அவசரமாக நின்று தின்னத்தான் நேரம், விடுதலையானவன்தான் சாய்ந்து உட்காருவான் என்று கொச்சிக்காரம்மா எனக்குச் சொன்னார். தன் பக்கத்தில் இரண்டு தலையணை போட்டு எங்களையும் உட்காரச் சொன்னார்.

நான் உடனே உட்கார்ந்துவிட்டேன். இரண்டாம் முறை சொல்லவைக்கவில்லை. அம்மா மட்டும் கைப்பிடிச் சுவரோரம் தண்ணீர்ச் சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ முறை கூப்பிட்டார். "நீங்க சாப்புடுங்க, நான் அப்பால" என்றாள். கால் கட்டுத்துணியில் சீழ் கசிந்து மஞ்சள் வட்டம் விழுந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலை வெட்டித்தான் எடுக்கப்போகிறார்கள், இவள் அப்போதும் மற்றக் காலில் நிற்பாள் என்று நினைத்தேன்.

அப்புறம் கசப்பு இலை வந்தது. இலையின் தண்டில் எங்கள் விழுதைத் தொட்டு ஒவ்வொருவரும் கையில் எடுத்தார்கள். அதுவரை சாய்ந்திருந்த எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அம்மாவின் கண்ணுக்கு அது தப்பவில்லை.

"இன்னா, இப்ப யாரும் சாயல?"

கொச்சிக்காரம்மா இலையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். இது கஷ்டத்தைத் தின்பது, மண் மிதித்த காலத்தைத் தின்பது. அதைத் தின்னும்போது சாயக்கூடாது. நேராக உட்கார வேண்டும்.

"உட்காரலாமில்ல?" என்று அம்மா கேட்டாள்.

"இருக்கணும் சேச்சி."

அம்மா சிரித்தாள். அந்த சீசன் முழுக்க அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. "எங்க சூளையில குந்தவே வுடமாட்டாங்க" என்றாள். அவ்வளவு பேருக்கு முன்னால், சத்தமாக. அவர்களில் யாருக்கும் தமிழ் தெரியாது, கொச்சிக்காரம்மாவுக்குப் பாதி புரிந்திருக்கும். ஆனால் அவள் சொல்லிவிட்டாள். இருபது வருடமாகச் சொல்லாததை, என் மாமியார் வீட்டுக்குக்கூடத் தெரியாததைச் சொல்லிவிட்டாள். நானும் மிதிச்சவதான், கருங்குழி சூளையில, கல்யாணமான மறுவருஷத்துலேர்ந்து என்றாள்.

கொச்சிக்காரம்மா இன்னொரு தண்டில் நிறைய விழுதை எடுத்து அம்மாவை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தார். அம்மா சொம்பைச் சுவர்மேல் வைத்தாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி உட்கார்ந்தாள். இடது காலை நீட்டினாள். முதுகை நேராக வைத்துக்கொண்டு இலையை வாங்கித் தின்றாள். கசப்பு முதலில் முகத்தில் தெரிந்தது, அப்புறம் இனிப்பு.

"மண்ணு இம்மாம் தித்திப்பா இருந்திருந்தா இன்னும் நாலு வருஷம் மிதிச்சிருப்பேன்" என்றாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கொச்சிக்காரம்மாவும் சிரித்து, அதை அந்தப் பிள்ளைகளுக்கு அவர்கள் பாஷையில் சொல்ல, அவர்கள் தரையைத் தட்டிச் சிரித்தார்கள். அடுத்த கோப்பைக்கு எல்லாரும் சாய்ந்தபோது, அவர் ஒரு தலையணையை அம்மாவின் இடது கைக்குக் கீழேயும் இன்னொன்றைக் கட்டுப் போட்ட காலுக்குக் கீழேயும் தள்ளினார். அம்மா சாய்ந்தாள். டாக்டர் சொன்னபடி கால் தலையணைமேல் உயர்ந்து இருந்தது. அன்றைக்கே ஆறிவிட்டது என்று கதை விடமாட்டேன், ஆடி முடியும் வரை கட்டுப் போட்டோம். ஆனால் ஆறியது. மறுநாளிலிருந்து சமையலறையில் அந்த நாற்காலி இருந்தது, அதை எடுக்கச் சொன்னவர்களிடம் அம்மாவே பேசிக்கொண்டாள்.

அப்படி அவள் முதல்முதலாகப் பேச வேண்டி வந்தது அன்றைக்கு ராத்திரியேதான். சாப்பாடு முடிந்து அவர்கள் பாடிக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மேனேஜர் மேலே வந்தார். பாயில் கிடக்கும் வெள்ளைத் தலையணைகளைப் பார்த்தார், அதில் சாய்ந்திருக்கும் அம்மாவைப் பார்த்தார்.

"இன்னா இது?" என்றார்.

அம்மா அசையவில்லை. காலைக்கூட இறக்கவில்லை. "வா சார். சாப்பாடு கீது. கீழ மூடி வெச்சிகீறேன், போட்டுக்கோ" என்றாள், சாய்ந்தபடியே.

அவர் பார்வை அம்மாவைத் தாண்டி என்மேல் வந்தது. அப்போதுதான் எனக்கே தெரிந்தது, நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. செருப்புச் சத்தம் கேட்டபோதே எழுந்திருக்க வேண்டும். கை இரண்டையும் முன்னால் கட்டிக்கொண்டிருந்தேன்.

அம்மா என் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"நீ ஏன்டி எழுந்துக்கினே? குந்து."

உட்கார்ந்தேன். அதன் பிறகுதான் கால் வலிக்க ஆரம்பித்தது.